கூப்பாடு

ஆடி 19, திங்கள்

இந்த டைரி மளிகைக் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது. அவர் கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தமிழ்த் தேதி, முகூர்த்தம், கரிநாள் எல்லாம் அச்சாகியிருக்கிறது. எனக்கு அதில் ஒரு பிரயோசனமும் இல்லை. தாள் நன்றாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

இன்று தலைமையாசிரியர் காந்திமதிநாதன் சார் கூப்பிட்டு நூற்றாண்டு மலர் வேலையை என் தலையில் கட்டினார். "நம்ம ஸ்கூல் எப்பிடி ஆரம்பிச்சது, சாரணர், என்.சி.சி., தொழிற்பிரிவு, ஹாக்கி டீம், எல்லாத்தையும் அழகா கோத்து எழுதிக் குடுத்துருங்கம்மா. சோசியல் டீச்சர் நீங்கதான" என்றார். சோசியலுக்கு இன்னொரு டீச்சரும் இருக்கிறாளே, ஆங்கிலவழிப் பிரிவுக்கு ஜெசிந்தா என்று. அவளிடம் ஏன் கொடுக்கவில்லை? இந்தச் செங்கரைத் திடல் மாநகராட்சிப் பள்ளியில் வேலை என்றால் மங்கையர்க்கரசி, மரியாதை என்றால் மற்றவர்கள்.

எழுந்து வரும்போது பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். இந்த வருஷம் கல்வி அலுவலகத்திலிருந்து நேரில் வந்து தலை எண்ணப் போகிறார்களாம். எந்தப் பிரிவில் பிள்ளைகள் குறைகிறார்களோ அந்தப் பிரிவு டீச்சர் உபரி. பணி நிரவலில் ஊருக்கு வெளியே எங்காவது தூக்கிப் போடுவார்கள். என் மாமியார் பக்கவாதத்தில் படுக்கையோடு கிடக்கிறார். வீடு பள்ளிக்குப் பின்தெருவில் இருப்பதால் மதிய இடைவேளையில் ஓடிவந்து சோறூட்டிவிட்டு ஓடுகிறேன். என்னைத் தூக்கிப் போட்டால் அந்த வாய்க்குச் சோறு யார் கொடுப்பது?

அறையை விட்டு வெளியே வந்தால் ஜெசிந்தா வராந்தாவில் நிற்கிறாள். எதுவும் காதில் விழாதது போன்ற முகம்.

ஆடி 29, வியாழன்

நாளை கொடியேற்றம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட வைத்தேன். என் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு, தமிழ்வழி, இந்த மாதம் முழுக்க நிறைந்திருக்கிறது. ஒருவன் விடாமல் வருகிறார்கள். கடைசி பெஞ்சு காளீஸ்வரன்கூட வருகிறான். பதிவேட்டைத் திறக்கும்போதே மனசு குளிர்கிறது.

இந்தப் பள்ளியில் பிள்ளைகள் வருகைப்பதிவு என்று சொல்வதில்லை. "மிஸ், கூப்பாடு எடுத்துட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள். ஊரில் வேறு எந்தப் பள்ளியிலும் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. டீச்சராக இருந்தாலும் பதில் "உள்ளேன் ஐயா"தான். ஆண்கள் பள்ளியாக இருந்தபோது ஒட்டிக்கொண்டது. "உள்ளேன் அம்மா" என்று சொல்ல வைக்க வந்த புதிதில் பாடுபட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

வீட்டுக்காரருக்கு ஆடியில் வேலை இல்லை. நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் உப்புப் பார்க்கிறார்.

ஆவணி 5, வியாழன். சுபமுகூர்த்தம்

காளீஸ்வரன், சிக்கந்தர், முனீஸ், வீரமணி, பூமிநாதன். ஐந்து பேரும் வரவில்லை. ஒரே பெஞ்சுக்காரர்கள், ஒரே நாளில்.

சாயங்காலம் ஜெசிந்தாவின் ஸ்கூட்டர் மேட்டுத் தெருப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன். காளீஸ்வரன் வீடு அங்கேதான். அவள் வீடு ரயில்வே காலனியில். மேட்டுத் தெருவில் அவளுக்கு என்ன வேலை?

ஆவணி 6, வெள்ளி

ஐந்து பேரும் வந்துவிட்டார்கள். காய்ச்சல் என்றார்கள். ஐந்து பேருக்கும் ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போன காய்ச்சல். நான் ஒன்றும் நேற்றுப் பிறந்தவள் இல்லை.

ஆவணி 12, வியாழன். சுபமுகூர்த்தம்

மறுபடியும் அதே பெஞ்சு காலி. கூட இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

எனக்கு இப்போது விளங்குகிறது. எங்கள் பள்ளியிலேயே ஆங்கிலவழியும் இருக்கிறது. தமிழ்வழிப் பிள்ளையை அங்கே மாற்றிவிட டி.சி.கூட வேண்டாம், பெற்றோர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். என் பிள்ளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்து அவள் பக்கம் இழுக்கிறாள். ஆள் பிடிக்கிறாள். தனியார் பள்ளிக்காரர்கள் மே மாதத்தில் தெருத்தெருவாகச் செய்வதை இவள் உள்ளேயே இருந்துகொண்டு செய்கிறாள்.

ஸ்டாஃப் ரூமில் "மங்கை டீச்சர், காளீஸ்வரன் இன்னைக்கும் வரலியா?" என்று கேட்டாள். "ஏன், உங்களுக்குத் தெரியாதாக்கும்?" என்றேன். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், டீ கிளாஸைக் கழுவப் போய்விட்டாள். மடியில் கனம்.

வீட்டுக்காரர் நல்ல குஷியில் இருக்கிறார். பரிமாற ஆள் கிடைக்கவில்லை என்று போன வருஷம் முழுக்கப் புலம்பினவர், இப்போது சுறுசுறுப்பான செட் ஒன்று அமைந்துவிட்டது என்கிறார். பெரிய பெரிய மண்டபமாக ஒத்துக்கொள்கிறார். ஒருத்தராவது நிம்மதியாக இருக்கட்டும்.

ஆவணி 16, திங்கள்

மலருக்கு விளம்பரம் தர ராமசுப்பு என்ற பழைய மாணவர் வந்தார். பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வயது எண்பதுக்கு மேல், குரல் மட்டும் கணீரென்று இருக்கிறது. கூப்பாடு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று நானாகக் கேட்கவில்லை, அவராகவே ஆரம்பித்தார்.

"அப்ப இங்க படிச்சதுல பாதிப் பேரு காலைல மார்க்கெட்ல மூட்டை தூக்குவோம்மா. பெல்லடிச்சா எவன் வருவான்? ஒரு வாத்தியாரு ரெஜிஸ்தரக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நேரா மார்க்கெட்டுக்கே வந்துருவாரு. மூட்டை நிறுக்குற பெரிய எடைக்கல்லு மேல ஏறி நின்னு ஒவ்வொரு பேரா கூப்பாடு போடுவாரு. மூட்டைக்கு அடியில இருந்து உள்ளேன் ஐயான்னு சத்தம் வரும். மூட்டைய எறக்கி வச்சுட்டு அவரு பின்னாலயே வந்துருவோம்."

"முதலாளிங்க சும்மாவா விட்டாங்க?"

"திட்டுவாய்ங்க. ஆனா பேரச் சொல்லிக் கூப்புட்டாருன்னா நாக்கு தன்னால உள்ளேன்னு சொல்லிரும்மா. சொன்ன பெறகு எப்பிடி நிக்கிறது?"

அரைப் பக்க விளம்பரம் தருகிறவர் கொஞ்சம் கதையும் சேர்த்துத் தருவார். எடைக்கல் மேல் வாத்தியாராம். நான் எழுதிக்கொள்ளவில்லை.

ஆவணி 19, வியாழன். சுபமுகூர்த்தம்

காலையில் பெஞ்சு காலி. மதியம் காளீஸ்வரனும் சிக்கந்தரும் மட்டும் வந்தார்கள். ஐரோப்பியர் வருகைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். காளீஸ்வரன் டெஸ்க்கில் கவிழ்ந்து தூங்கினான். ஸ்கேலால் தட்டினேன். துள்ளி எழுந்து, "இந்தா வந்துட்டேண்ணே, மோர்தான்" என்றான். வகுப்பே சிரித்தது. பசி போல, சாப்பாட்டுக் கனவு. விரல் நகமெல்லாம் மஞ்சளாக இருந்தது. காமாலையாக இருக்குமோ என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். சிக்கந்தர் சிரிப்பை அடக்க முடியாமல் கர்ச்சீப்பைக் கடித்துக்கொண்டான். கர்ச்சீப்பா அது? கல்யாண வீட்டில் கொடுக்கிற டிஷ்யூ பேப்பர்.

இவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னை ஏதோ செய்கிறார்கள்.

புரட்டாசி 2, வியாழன்

ஜெசிந்தா பயிற்சி முகாமுக்குப் போயிருக்கிறாள். நேற்றிலிருந்து என் வகுப்பில் ஒருவர் விடாமல் வருகை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

தலைமையாசிரியரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "ஒங்களுக்கு எப்பவும் யார் மேலயாவது சந்தேகம்மா. மலர் என்னாச்சு?" என்றார். இவரும் உடந்தையோ?

வீட்டுக்காரர் மறுபடி வீட்டில். புரட்டாசி ஆயிற்றே. தாயாருக்கு அவரே சோறூட்டினார். மகன் கையால் சாப்பிட்டால் மாமியார் இரண்டு வாய் கூடுதலாக வாங்குகிறார்.

புரட்டாசி 22, புதன்

காலாண்டு லீவு முடிந்து திறந்த பிறகும் வகுப்பு நிறைந்தே இருக்கிறது. காளீஸ்வரன் வரைபடத்தில் வாஸ்கோடகாமா வந்த வழியைத் தப்பில்லாமல் காட்டினான். பையனுக்கு மூளை இருக்கிறது. அவள் நாளை பயிற்சி முடிந்து வருகிறாள். பார்ப்போம்.

ஐப்பசி 5, புதன்

நாளை எங்கள் பள்ளி அலுவலக உதவியாளர் பெருமாளின் மகள் கல்யாணம். முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கு வரலாம் என்று ஸ்டாஃப் ரூமே கிளம்புகிறது. சமையல் வீட்டுக்காரர்தான். நானும் வருகிறேன் என்றதும் அவர், "நீ எதுக்கு மங்கை, கூட்டமா இருக்கும். மொய்ய எங்கிட்ட குடு, எழுதிர்றேன். அம்மாவ யாரு பாக்குறது?" என்றார். என் மேல் அவருக்கு எவ்வளவு அக்கறை. பக்கத்து வீட்டு அக்காவை இருக்கச் சொல்லிவிட்டேன், போகத்தான் போகிறேன்.

ஐப்பசி 6, வியாழன். சுபமுகூர்த்தம்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

பந்தியில் ஒரு பக்கம் ஜெசிந்தா, மறுபக்கம் தலைமையாசிரியர். அவள் பக்கத்தில் உட்காரக்கூடாது என்று பார்த்தேன், வேறு இடம் இல்லை. பொங்கல் வந்தது. சாம்பார் வாளியோடு மெரூன் சட்டை, தொப்பி போட்ட ஒரு பையன் எங்கள் வரிசைக்கு வந்தான். கரண்டியைத் தூக்கினான். என்னைப் பார்த்தான்.

"வணக்கம் மிஸ்."

கரண்டியில் இருந்த சாம்பார் என் இலை ஓரத்தில் வழிந்தது. காளீஸ்வரன். அவனுக்குப் பின்னால் சட்னி சிக்கந்தர். தண்ணீர் பாட்டில் முனீஸ். என் கடைசி பெஞ்சு முழுக்க வரிசையாக மெரூன் சட்டையில் நின்றது. சட்டைப் பையில் என் வீட்டுக்காரர் பெயர் நூலால் தைத்திருந்தது. அந்தச் சட்டைகளை ஒவ்வொரு வாரமும் நான்தான் மாடியில் காயப் போடுகிறேன். சின்ன அளவாக இருக்கிறதே என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

தலைமையாசிரியர் இலையைப் பார்த்தார். ஜெசிந்தா மெதுவாக, "சாப்புடுங்க மங்கை டீச்சர். நீங்க எந்திரிச்சா அவன் பயந்துருவான்" என்றார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஆவணில எங்க மச்சினர் பொண்ணு கல்யாணத்துல பாத்தேன். ஒங்க வீட்டுக்காரர்னு தெரிஞ்சப்புறம் எப்பிடிச் சொல்றது? அவங்க வீடுகள்லதான் போய்ப் பேசிக்கிட்டு இருக்கேன்."

பொங்கலை முழுக்கச் சாப்பிட்டேன். என்ன ருசி என்று கேட்டால் தெரியாது.

ஐப்பசி 7, வெள்ளி

வீட்டுக்காரரிடம் கேட்டேன். மறைக்கவில்லை.

"ஒன் கிளாசுன்னு எனக்கு முதல்லயே தெரியும். அதுக்கென்ன? நான் கூப்புடலேன்னா வேற எவன்கிட்டயாவது போகப் போறாய்ங்க. நம்மகிட்ட வந்தா வயிறாரச் சாப்புட்டு, வீட்டுக்கும் தூக்குல வாங்கிட்டுப் போறாய்ங்க. அந்தக் காளீஸ்வரன் அம்மா எனக்குக் கையெடுத்துக் கும்புடுது மங்கை."

"மதியம் கிளாஸ்ல தூங்குறான்."

"முகூர்த்தம் இருக்குற அன்னைக்கு மட்டும்தான?"

அந்த 'மட்டும்' எனக்குப் பொறுக்கவில்லை. சட்டைகளை ஊறப் போடாமல் அப்படியே வைத்துவிட்டேன். பிறகு இந்த டைரியைப் பின்னோக்கிப் புரட்டினேன். நான் எழுதியதற்கு மேலே, பெஞ்சு காலியான ஒவ்வொரு நாளின் தலையிலும், சுபமுகூர்த்தம் என்று அச்சில் இருந்தது. ஆடியில் வேலை இல்லை, புரட்டாசியில் வேலை இல்லை என்று என் கையாலேயே எழுதியும் வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

வியாழக்கிழமை தலை எண்ண வருகிறார்கள். முதல் பெல் அடித்ததும் வகுப்பில் இருக்கிற தலைதான் கணக்கு. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். சுபமுகூர்த்தம்.

வீட்டுக்காரரிடம் அந்த ஒருநாள் மட்டும் பையன்களை விடச் சொன்னேன். இந்த வருஷத்திலேயே பெரிய மண்டபம் அதுதானாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், மூன்று பந்தி. "ரெண்டே நாள்ல பரிமாற ஆளுக்கு நான் எங்கிட்டுப் போவேன்? ஒனக்கு ஒரு நாள், எனக்குப் பேரே போயிரும்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஏழு பேர் வராவிட்டால் என் பிரிவு போகும். நான் எங்கோ போவேன். மாமியார் பாடு எப்படியும் ஓடும், பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். அந்த ஏழு பேரை ஆங்கிலவழியில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். ஒரு மாசம் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஒன்றும் புரியாது, அப்புறம் முகூர்த்தம் இல்லாத நாளிலும் வரமாட்டார்கள். ஆடியில் தலை எண்ணுகிற பேச்சு வந்தபோது இந்த யோசனை எனக்கு வரவில்லை. இப்போது இது மட்டும்தான் வருகிறது.

ஐப்பசி 13, வியாழன். சுபமுகூர்த்தம்

விடிந்தும் விடியாமல் ஆட்டோ பிடித்து மண்டபத்துக்குப் போனேன். பதிவேட்டை எடுத்துப் போகவில்லை, பெயர்கள் தெரியும். சமையல்கட்டின் பின்பக்கம், அண்டா கழுவும் இடம். பையன்கள் மெரூன் சட்டையில் வாளிகளோடு நின்றார்கள். என்னைக் கண்டதும் தூண் பின்னால் பதுங்கினார்கள். வீட்டுக்காரர் ஜல்லிக் கரண்டியோடு வந்தார். "மங்கை, முதல் பந்தி உக்காந்துருச்சு. வீட்டுக்குப் போ."

நான் அவரைப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு அண்டா மேல் ஏறி நின்றேன். வழுக்கியது. மானம் போனால் போகட்டும் என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

"காளீஸ்வரன்."

நாதஸ்வரச் சத்தம் மட்டும். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன்.

"காளீஸ்வரன்."

தூண் பின்னாலிருந்து, தூங்கி எழுந்தவன் குரல் மாதிரி, "உள்ளேன் ஐயா."

"சிக்கந்தர்."

"உள்ளேன் ஐயா."

முனீஸ், பூமிநாதன், வீரமணி. ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு வாளி தரையில் இறங்கியது. மற்ற இரண்டு பேரும் கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றார்கள். ராமசுப்பு சொன்னது கதை இல்லை.

வாசலில் ஜெசிந்தா ஒரு ஷேர் ஆட்டோவோடு நின்றார். நான் வரச் சொல்லவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "காளீஸ்வரன் அம்மாட்ட மண்டபத்தக் கேட்டேன். இன்னைக்கு முகூர்த்தம்லங்க" என்றார்.

திரும்பிப் பார்த்தபோது வீட்டுக்காரர் காளீஸ்வரன் வைத்த சாம்பார் வாளியைத் தானே தூக்கிக்கொண்டு பந்திக்குள் போனார். முட்டி வலிக்காரர், சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். ஆனாலும் ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

முதல் பெல்லுக்கு வகுப்பு நிறைந்திருந்தது. வந்த அதிகாரி ஏழு பேர் மெரூன் சட்டையைப் பார்த்து, "இது என்ன, பேண்டு செட்டா?" என்று கேட்டார். தலைமையாசிரியர், "ஆமாங்கய்யா, நூற்றாண்டு விழாவுக்கு" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல்.

ஐப்பசி 17, திங்கள்

வீட்டுக்காரர் பேசுவதில்லை. புதிதாக வேறு செட் பிடித்துவிட்டாராம். பெரிய பையன்கள்தான் என்று தன் அம்மாவிடம் சொல்கிற மாதிரி என் காதில் போட்டார். நம்பவில்லை. சட்டைகளின் அளவைப் பார்த்தேன். பெரிய அளவுதான். இன்னும் ஒருமுறை பார்த்தேன்.

ஐப்பசி 24, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. உபரி, ஜெசிந்தா.

தமிழ்வழி பிழைத்தது, ஆங்கிலவழியில் ஆள் குறைவாம். எப்படிக் குறையும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

"அந்தம்மாதான் காரணம். மீடியம் மாத்திக் கேட்டு ஜூன்ல இருந்து எத்தனை பேரன்ட்ஸ் வந்தாங்க தெரியுமா? ஒங்க கிளாஸ் பிள்ளைகதான். தமிழ்லயே இப்பத்தான் தேறி வருது, இங்க கொண்டாந்து ஏன் கெடுக்குறீங்கன்னு ஒவ்வொருத்தரையும் திருப்பி அனுப்பிருச்சு. எங்கிட்டயே சண்டை போட்டுச்சும்மா."

ஸ்டாஃப் ரூமுக்குப் போக முடியாமல் நூலக அறையில் உட்கார்ந்து மலருக்கு எழுதினேன். சாரணர், என்.சி.சி., தொழிற்பிரிவு, ஹாக்கி எல்லாம் எழுதி, கடைசியில் கூப்பாடு என்று ஒரு தலைப்புப் போட்டு ராமசுப்பு சொன்னதை அப்படியே எழுதினேன்.

நான் ஜெசிந்தாவைச் சந்தேகப்பட்டது, ஜாடையாகக் கேட்ட தலைமையாசிரியரைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி 26, புதன்

ஜெசிந்தா இன்று பணி விடுவிப்பு வாங்கினார். கேட் வரை போனேன். ஏதேதோ சொல்ல நினைத்துக் கடைசியில், "ஸ்கூட்டர்ல அவ்வளவு தூரம் எப்பிடிப் போவீங்க?" என்று கேட்டேன்.

"போயிரலாம்ங்க. காளீஸ்வரன் வீட்டுக்கு மட்டும் அடிக்கடி ஒரு எட்டுப் போயிட்டு வாங்க டீச்சர். அவங்கம்மா முதல்ல மொறைக்கும். அப்புறம் டீ போட்டுக் குடுக்கும்."

ஐப்பசி 27, வியாழன். சுபமுகூர்த்தம்

காளீஸ்வரன் வரவில்லை. வீட்டுக்காரரிடம் இல்லை, விசாரித்துவிட்டேன். வேறு யாரோ காண்ட்ராக்டர் கூப்பிட்டிருப்பார். அல்லது நிஜமாகவே காய்ச்சலோ.

பள்ளி விட்டதும் மேட்டுத் தெருவுக்கு நடந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ அசைகிற சத்தம். எதிர்வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு? முன்ன ஸ்கூட்டர்ல ஒரு டீச்சர் வரும். நீங்க எந்த ஸ்கூலுக்கு ஆள் புடிக்க வந்துருக்கீங்க?"

கோபம் வரவில்லை. செங்கரைத் திடல் ஸ்கூல் என்றேன்.

"ஆள் புடிக்கத்தான?"

"ஆமா."

அவருக்கு என் மேல் நம்பிக்கை வரவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கதவுப் பக்கம் திரும்பி, காளீஸ்வரன் என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன்.